போனில் சொன்னதுதான் பாலிசி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான காப்பீட்டு வழிகாட்டி

ஊரில் கார் வாங்கினால் ஷோரூமிலேயே இன்ஷூரன்ஸ் போட்டு, சாவியோடு காகிதத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். தர்ட் பார்ட்டி காப்பீடு இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்று இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. அந்தப் பழக்கத்தோடுதான் ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கினேன். பழைய கார் ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்கினேன், பெயர் மாற்றினேன், கண்ணாடியில் வண்டியின் உரிம வில்லையான வட்டமான லைசென்ஸ் டிஸ்க்கை ஒட்டினேன். இன்ஷூரன்ஸ் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இங்கே வண்டிக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. கடனில் வாங்கினால் வங்கி கேட்கும், அவ்வளவுதான். ரோட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் காப்பீடு இல்லாதவை என்பது காப்பீட்டுத் துறையினரே சொல்லும் கணக்கு. அதனால் ரோபோவில் நிற்கும்போது (சிக்னலுக்கு இங்கே ரோபோ என்றுதான் பெயர்) பின்னால் வந்து இடிக்கிறவர் பணம் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் காப்பீடு எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் புதிதாக இருந்தது. இங்கே பெரும்பாலான பாலிசிகள் போனிலேயே விற்கப்படுகின்றன. இருபது நிமிடம் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்வீர்கள், அழைப்பு பதிவாகும். பிறகு மின்னஞ்சலில் ஒரு ஷெட்யூல், அதாவது நம் பாலிசியின் விவரப் பட்டியல், வரும். நாம் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கிளெய்ம் வரும் அன்று அவர்கள் முதலில் எடுப்பது அந்தப் பதிவையும் அந்த ஷெட்யூலையும்தான்.

எனக்கு இது ஆலங்கட்டியில் தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடை மழைக்காலம் அக்டோபர் வாக்கில் தொடங்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் ஒரு மாதிரி பச்சையாக இருட்டும், அப்புறம் எலுமிச்சங்காய் அளவில் கட்டி விழும். அன்று பத்து நிமிடம்தான் விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால் காரின் கூரையும் பானெட்டும் பணியாரக் கல் மாதிரி குழிகுழியாகக் கிடந்தன. நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாகப் போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் கேட்டது ஒரே கேள்வி: "இரவில் வண்டி எங்கே நிற்கும்?"

பாலிசி எடுத்தபோது இருந்த வீட்டில் பூட்டிய கராஜ் இருந்தது. அதைத்தான் சொல்லியிருந்தேன். அப்புறம் வேறு காம்ப்ளெக்ஸுக்கு (குடியிருப்பு வளாகத்துக்கு) வீடு மாறினோம், அங்கே திறந்தவெளி பார்க்கிங். பள்ளிக்கூடம், வங்கி, செல்போன் கம்பெனி என்று எல்லாருக்கும் புது முகவரி கொடுத்த நான், காப்பீட்டுக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஷெட்யூலில் பழைய முகவரியும் 'பூட்டிய கராஜ்' என்ற இரண்டு சொற்களும் அப்படியே இருந்தன. கிளெய்ம் கை நழுவிப் போயிற்று. எதிர்வீட்டு அங்கிள் இந்த ஊரிலேயே பிறந்த நான்காம் தலைமுறைத் தமிழர். தமிழில் அவருக்கு வருவது பத்துப் பதினைந்து சொல். "தம்பி, போனில் சொன்னதுதான் பாலிசி" என்று ஆங்கிலத்தில் சொன்னார், 'தம்பி'யை மட்டும் தமிழில் வைத்து. கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

போன் எடுப்பதற்கு முன்

முதல் வேலை, விற்பவர் உரிமம் உள்ளவரா என்று பார்ப்பது. காப்பீடு விற்பவர்களுக்கு எஃப்.எஸ்.பி. எண் என்ற உரிம எண் ஒன்று இருக்க வேண்டும். நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.வின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். வாட்ஸப் குழுவில் "நம்ம ஆளு, கம்மியா முடிச்சுத் தருவாரு" என்று யாராவது நம்பர் அனுப்பினால் கட்டாயம் பாருங்கள்.

அடுத்து, கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எந்தத் தேதியில் எடுத்தது, எந்த நாட்டு லைசென்ஸ், வண்டி பகலில் எங்கே நிற்கும், இரவில் எங்கே நிற்கும், ஆபீசுக்கு ஓட்டிப் போவீர்களா, ஊபர் மாதிரி வாடகைக்கு ஓட்டுவீர்களா, கடந்த சில வருடங்களில் விபத்தோ திருட்டோ உண்டா. வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் அது இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்ப்புச் சான்று வேண்டும். நம் லைசென்ஸை அந்த நிறுவனம் எவ்வளவு காலம் ஏற்கும் என்பதையும் போனிலேயே கேளுங்கள். கேள்வியும் பதிலும் சேர்ந்தே பதிவாகட்டும்.

இவற்றில் மிகப் பெரிய கண்ணி ரெகுலர் டிரைவர் என்ற சொல். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையோ, யார் பணம் கட்டுகிறார் என்பதையோ அது குறிக்காது. மாதத்தில் அதிக நாள் ஓட்டுகிறவர் யாரோ அவர்தான் ரெகுலர் டிரைவர். இருபது வயது மகன் தினமும் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டிப் போகிறான், பிரீமியம் குறையட்டும் என்று அப்பா தன் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் இடித்த அன்று அந்தப் பாலிசி வெறும் காகிதம். மிச்சம் பிடித்தது மாதம் இருநூறு முந்நூறு ரேண்ட், போனது முழு வண்டி.

இப்படி உண்மையை மறைப்பதற்கும் தவறாகச் சொல்வதற்கும் ஷெட்யூல் மொழியில் நான்-டிஸ்க்ளோஷர், மிஸ்ரெப்ரசென்டேஷன் என்று பெயர். வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மை தெரிந்திருந்தால் பாலிசி கொடுத்திருக்க மாட்டார்கள் அல்லது பிரீமியத்தைக் கூட்டியிருப்பார்கள் என்ற அளவுக்கு அது முக்கியமான தகவலாக இருந்தால் போதும்.

ஊரில் வைத்திருந்த காப்பீட்டில் கிளெய்ம் எதுவும் போடவில்லை என்று சொல்லும் நோ கிளெய்ம் கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள். சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்றால் பிரீமியம் குறையும்.

ஷெட்யூல் வந்ததும்

ஷெட்யூல் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். பெயர், முகவரி, வண்டி, தொகைகள் எல்லாம் அதில் இருக்கும். கூடவே வரும் நீளமான புத்தகம் எல்லாருக்கும் பொதுவான விதிகள். நேரமில்லை என்றால் புத்தகத்தை விட்டுவிடுங்கள், ஷெட்யூலை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பித் திருத்துங்கள்.

எக்ஸஸ் என்பதுதான் முதலில் தேட வேண்டிய சொல். ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பையிலிருந்து போகும் முதல் பங்கு அது. ஷெட்யூலில் 'கிளெய்மில் 10%, குறைந்தது 5,000 ரேண்ட்' என்று இருக்கிறது என்று வையுங்கள். பேனல் பீட்டர் (வண்டியின் ஒடுக்கு எடுத்துச் சரிசெய்பவர்) 62,000 ரேண்டுக்கு பில் போட்டால் நீங்கள் 6,200 கட்ட வேண்டும். பில் 30,000 என்றால் 10% வெறும் 3,000தான், ஆனாலும் 5,000 கட்ட வேண்டும். பில்லே 4,800 என்றால் கிளெய்ம் போடுவதில் அர்த்தமில்லை. எக்ஸஸைப் பெரும்பாலும் வண்டியை எடுக்கப் போகும்போது பேனல் பீட்டரிடம்தான் கட்டுவோம். பணம் கட்டாமல் சாவி வராது.

அதோடு முடிவதில்லை. கீழே பொடி எழுத்தில் கூடுதல் எக்ஸஸ்கள் இருக்கும். ஓட்டியவருக்கு 25 வயது ஆகவில்லையா, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லையா, பாலிசி எடுத்த முதல் சில மாதங்களிலேயே கிளெய்மா, பின்னிரவில் தனியாக ஓட்டி இடித்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை ஏறும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். 'எக்ஸஸ் இல்லாத பாலிசி' என்று விளம்பரம் பார்த்தால் இந்தக் கூடுதல்கள் உண்டா என்று கேளுங்கள். வாலன்டரி எக்ஸஸ் என்றால் பிரீமியத்தைக் குறைக்க நாமே ஏற்றிக்கொள்ளும் தொகை. அவசரத்துக்கு அந்தத் தொகையைப் புரட்ட முடியுமா என்று யோசித்து ஏற்றுங்கள்.

ரீட்டெயில் வேல்யூ, மார்க்கெட் வேல்யூ, டிரேட் வேல்யூ என்ற மூன்றில் ஒன்று வண்டிக்கு எதிரே இருக்கும். அதே வண்டியை டீலர் கடையில் வாங்கினால் ஆகும் விலை ரீட்டெயில். டீலர் நம்மிடம் வாங்கினால் கொடுப்பது டிரேட். மார்க்கெட் இரண்டுக்கும் நடுவே. வண்டி திருடுபோனால் இந்த ஒரு சொல்லில் பல்லாயிரம் ரேண்ட் வித்தியாசம் வரும். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஷார்ட்ஃபால் கவர் என்பதையும் கேளுங்கள், காப்பீட்டுத் தொகைக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது அது. வண்டியின் விலை வேகமாக இறங்கும், கடன் மெதுவாக இறங்கும். இறுதியில் மொத்தமாகக் கட்டும் பலூன் தொகை வைத்து வாங்கியவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. இல்லாத வண்டிக்கு மாதத் தவணை கட்டுவதைப் போல எரிச்சலான விஷயம் வேறில்லை.

வீட்டுச் சாமான்களுக்கு வந்தால் ஆவரேஜ் என்ற சொல் காத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த சராசரி இல்லை இது. வீட்டில் உள்ள சாமான்களைப் புதிதாக வாங்க 500,000 ரேண்ட் ஆகும், நீங்கள் 250,000க்கு மட்டும் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். திருடன் வந்து 100,000 ரேண்டுக்கான பொருளைக் கொண்டுபோகிறான். 250,000க்குள்தானே இருக்கிறது, முழுசாக வரும் என்றுதான் நினைப்போம். வராது. பாதிக்குத்தான் காப்பீடு, ஆகவே நஷ்டத்தில் பாதிதான் வரும், அதாவது 50,000, அதிலிருந்து எக்ஸஸும் கழியும். எல்லாச் சாமானும் ஒரே நாளில் போகாது என்று நினைத்துத் தொகையைக் குறைக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறை அறையாகக் கணக்கெடுங்கள். கிரைண்டர், பட்டுப் புடவைகள், பித்தளை விளக்கு, பிள்ளைகளின் கீபோர்டு எல்லாம் சேரும். போனில் ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

நகை தனிக்கதை. தங்கம் இல்லாத தமிழ் வீடு உண்டா? வீட்டுச் சாமான் பாலிசியில் நகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், பெரும்பாலும் மிகக் குறைவாக. தாலிக்கொடி, ஆரம், வளையல் என்று முக்கியமானவற்றை ஸ்பெசிஃபைடு பட்டியலில் தனித்தனியாக, மதிப்பீட்டுச் சான்றோடு சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே அணிந்து போகும் நகைக்கு ஆல் ரிஸ்க்ஸ் பிரிவு வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எல்லா ஆபத்துக்கும் அது பொருந்தாது. வீட்டுக்கு வெளியிலும் பொருளைக் காக்கும் என்பதே அதன் பொருள். அணியாத நேரத்தில் சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்த சேஃபில் பூட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும். அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பது நம் வழக்கம். காப்பீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஃபோர்சிபிள் என்ட்ரி என்ற சொல்லும் திருட்டுப் பிரிவில் இருக்கும்: உடைத்து உள்ளே நுழைந்த அடையாளம் வேண்டும். மால் பார்க்கிங்கில் ரிமோட் அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோமே, அதே நொடியில் தள்ளி நிற்கும் ஒருவன் ஜாமர் வைத்து அந்த சிக்னலைத் தடுத்துவிடுகிறான். கதவு பூட்டவே இல்லை. லேப்டாப் போய்விட்டது, கண்ணாடி உடையவில்லை, கிளெய்மும் இல்லை. நான் இப்போது ரிமோட் அமுக்கிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் ஓரடி நகர்வதில்லை. மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்காரரின் காப்பீடு சுவருக்கும் கூரைக்கும்தான், உங்கள் டிவிக்கு இல்லை. காம்ப்ளெக்ஸில் சொந்தமாக வாங்கியவர்களுக்குக் கட்டடக் காப்பீட்டை பாடி கார்ப்பரேட் என்ற உரிமையாளர் சங்கம் எடுத்திருக்கும், அதற்கு மாதாமாதம் கட்டும் லெவியிலேயே அது அடக்கம். உள்ளே உள்ள சாமான் உங்கள் பாடு. கீசர் (வெந்நீர்த் தொட்டி) வெடித்தால் அந்தக் கட்டடக் காப்பீட்டில்தான் வரும், எக்ஸஸ் மட்டும் பெரும்பாலும் உங்கள் தலையில்.

மூன்று படி, ஒரு அரசு நிதி

வண்டிக் காப்பீட்டில் மூன்று படி உண்டு. தர்ட் பார்ட்டி ஒன்லி என்றால் நீங்கள் இடித்த அடுத்தவர் வண்டிக்கு மட்டும். தர்ட் பார்ட்டி, ஃபயர் அண்ட் தெஃப்ட் என்றால் அதோடு உங்கள் வண்டி எரிந்தாலோ திருடுபோனாலோ வரும். காம்ப்ரிஹென்சிவ் என்றால் உங்கள் தவறால் உங்கள் வண்டிக்கு ஆன சேதமும் சேரும். வண்டி மிகப் பழையது, காம்ப்ரிஹென்சிவ் கட்டுப்படியாகாது என்றால்கூட முதல் படியை விடாதீர்கள். நம் பழைய வண்டி போய் இடிப்பது இருபது லட்சம் ரேண்ட் ஜெர்மன் வண்டியாக இருக்கலாம்.

ஊர்ப் பழக்கத்தில் தர்ட் பார்ட்டி என்றதும் ஆள் காயமும் அதில் அடக்கம் என்று நினைப்போம். இங்கே அது வேறு பாதையில் போகிறது. ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட், சுருக்கமாக ஆர்.ஏ.எஃப்., 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசு நிதி. பெட்ரோல் டீசல் போடும் ஒவ்வொரு லிட்டரிலும் இரண்டு ரேண்டுக்கு மேல் அதற்குத்தான் போகிறது. வாகன விபத்தில் காயம்பட்டவருக்கும், இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கும் இந்த நிதி இழப்பீடு தரும். அதற்கு இன்னொரு வண்டியை ஓட்டியவரின் தவறு இருந்ததாகக் காட்ட வேண்டும், முழுக்க நம் தவறு என்றால் ஒன்றும் வராது. வண்டிச் சேதத்துக்கு ஒரு காசும் தராது. 2008 ஆகஸ்ட் 1 முதல், காயத்துக்காக இடித்தவர் மேல் நேரடியாக வழக்குப் போடும் உரிமை பொதுவாக எடுக்கப்பட்டுவிட்டது, வழி இந்த நிதிதான். இடித்த வண்டி தெரிந்தால் மூன்று வருடத்துக்குள், இடித்துவிட்டு ஓடிப்போய் யாரென்று தெரியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். பணம் வர வருடக்கணக்கில் ஆகும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

லயபிலிட்டி: யார் தலையில் விழும்?

இந்தச் சொல்லில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். அடுத்தவருக்கு ஆன நஷ்டத்தை நாம் ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லும் நிலைதான் லயபிலிட்டி. நஷ்டம் நடந்தால் மட்டும் போதாது, பொதுவாக நம் பக்கம் தவறு இருக்க வேண்டும். அந்தத் தவறு பெரும்பாலும் நெக்லிஜென்ஸ், அதாவது பொறுப்புள்ள ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை நாம் எடுக்காமல் விட்டது.

பக்கத்து வீட்டு மரம் புயலில் முறிந்து உங்கள் கார் மேல் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டுமா? மரம் நன்றாக இருந்தது, காற்றுதான் காரணம் என்றால் கட்ட வேண்டியதில்லை. உங்கள் காப்பீட்டில்தான் கேட்க வேண்டும். மரம் உளுத்துப் போயிருக்கிறது என்று ஆறு மாதம் முன்பே நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் கதை மாறும். அதனால் இப்படி எதையாவது பார்த்தால் வேலிக்கு மேல் கத்திச் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு மெசேஜும் அனுப்பி வையுங்கள்.

இரண்டு பக்கமும் தவறு இருந்தால் 1956ஆம் ஆண்டின் அப்போர்ஷன்மென்ட் சட்டப்படி பங்கு பிரிப்பார்கள். உங்கள் நஷ்டம் 100,000, தவறில் உங்கள் பங்கு 30% என்றால் 70,000தான் எதிராளியிடம் கேட்கலாம்.

தவறே இல்லாமலும் பொறுப்பு வரும் இடம் ஒன்று உண்டு: நாய். ரோமானியர் காலத்திலிருந்து வரும் விதி இந்த நாட்டுச் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டு விலங்கு தன் இயல்புக்கு மாறாக ஒருவரைத் தாக்கினால், உரிமையாளர் கவனமாக இருந்தாலும் அவர்தான் பொறுப்பு. 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வெளியே போன நாய்கள் தெருவில் போனவரைக் கடித்து அவர் ஒரு கையையே இழந்திருந்தார். யாரோ அத்துமீறி நுழைந்து கேட்டைத் திறந்துவிட்டார், என் தவறு இல்லை என்றார் உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. திருடனுக்குப் பயந்து நாய் வளர்க்கிறவர்கள் வீட்டுப் பாலிசியில் பெர்சனல் லயபிலிட்டி என்ற வரி இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு என்று இன்றே பாருங்கள்.

வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருந்தால் இன்னொரு கடமை. வேலையிடக் காயங்களுக்கான கோய்டா சட்டம் வீட்டு வேலை செய்பவர்களை ஒதுக்கி வைத்திருந்தது. எஜமானர் வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு பணிப்பெண் மூழ்கி இறந்த வழக்கில், அப்படி ஒதுக்கியது செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2020 நவம்பர் 19 அன்று தீர்ப்புச் சொன்னது. இப்போது வாரம் ஒரு நாள் வருபவருக்கும் நீங்கள்தான் வேலை கொடுப்பவராகப் பதிய வேண்டும்.

கடை, கேட்டரிங், டியூஷன் என்று எது நடத்தினாலும் பப்ளிக் லயபிலிட்டி வேண்டும். ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் அதுதான் காக்கும். பொங்கல் விழாவுக்கு ஹால் எடுக்கப் போனால்கூட இந்தச் சான்றைக் கேட்பார்கள். கணினித் துறையில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களிடம் கேட்பது புரொஃபஷனல் இன்டெம்னிட்டி: ஆலோசனையில், செய்த வேலையில் வந்த பிழைக்கு. இது பெரும்பாலும் கிளெய்ம்ஸ் மேட் முறை. பிழை நடந்தபோது பாலிசி இருந்தது என்றால் போதாது, எதிராளி கேட்டு வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். புராஜெக்ட் முடிந்த மறுமாதமே நிறுத்திவிடாதீர்கள்.

சஸ்ரியா என்ற ஒரு வரி

சாதாரண பாலிசி எதிலும் கலவரம், வேலைநிறுத்தம், அரசியல் வன்முறை அடங்காது. அதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று உண்டு, நிறவெறி ஆட்சிக்கு எதிரான 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பிறகு 1979இல் தொடங்கியது. பெயர் சஸ்ரியா. தனியாக வாங்கப் போக வேண்டாம், உங்கள் பாலிசியிலேயே சிறு தொகைக்குச் சேர்ப்பார்கள். 2021 ஜூலையில் டர்பன் பக்கமும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கடைகள் சூறையாடப்பட்டபோது சஸ்ரியாவுக்கு வந்த கிளெய்ம் சுமார் 3,200 கோடி ரேண்ட். ஷெட்யூலில் அந்த ஒரு வரி இல்லாத கடைக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

இடித்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள், காயம் இருந்தால் ஆம்புலன்ஸ். அப்புறம் போட்டோ: இரண்டு வண்டி, நம்பர் பிளேட், ரோபோ, ரோட்டில் உள்ள டயர் தடம், எதிராளியின் லைசென்ஸ் டிஸ்க், ஓட்டுநர் உரிமம். சாட்சி யாராவது நின்றால் அவர் போன் நம்பர்.

"சாரி, என் தவறுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். மரியாதைக்காகச் சொல்வோம், நம் சுபாவம் அது. ஆனால் அட்மிஷன் ஆஃப் லயபிலிட்டி கூடாது, தானாகப் பேசி முடிக்கக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். தண்ணீர் கொடுங்கள், உட்கார வையுங்கள், நலம் கேளுங்கள். யார் தவறு என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கூப்பிடாமலேயே இடிபட்ட வண்டியை இழுத்துப் போகும் டோ டிரக்குகள் பறந்து வந்து நிற்கும். கையில் படிவத்தைக் கொடுத்து, "இது சும்மா, கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். போட்டால் வண்டி அவர்கள் யார்டில் போய் நிற்கும், நாள் வாடகை ஏறும், காப்பீடு அதைக் கொடுக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணைப் போனில் சேமித்து வைத்து, அவர்கள் அனுப்பும் டிரக்கில் மட்டும் ஏற்றுங்கள்.

காயமோ சாவோ இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும், வண்டிச் சேதம் மட்டும் என்றால் அடுத்த வேலை நாளுக்குள். அவர்கள் தரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கிளெய்ம் நகராது. ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 0.05 கிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தால் கிளெய்ம் வராது. டயர் பட்டன் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்து, விபத்துக்கும் அதுதான் காரணம் என்றால் அங்கேயும் சிக்கல்.

எதிராளியின் தவறு என்றால் உங்கள் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று அவரிடம் வசூலிக்கும். இதற்குப் பெயர் சப்ரோகேஷன். நீங்கள் கட்டிய எக்ஸஸையும் சேர்த்து வசூலிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் அப்படியே போய்விடும்.

இல்லை என்று கடிதம் வந்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்க வேண்டும். எந்த விதி, எந்தப் பத்தி என்று இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கடிதம் கிடைத்ததிலிருந்து குறைந்தது 90 நாள் நிறுவனத்திடமே முறையிட அவகாசம் உண்டு. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, பாலிசி எடுத்த அன்றைய போன் பதிவைக் கேட்பது. கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நண்பர் ஒருவருக்கு "இரவில் கேட்டுக்குள் நிற்கும் என்று சொன்னீர்கள்" என்று மறுப்பு வந்தது. பதிவை வாங்கிக் கேட்டால், அவர் "தெருவில்தான்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார், தட்டச்சு செய்தவர்தான் தவறாகப் போட்டிருக்கிறார். பணம் வந்தது.

அங்கேயும் முடியவில்லை என்றால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட். காப்பீடு, வங்கி, கடன் என்று தனித்தனியாக இருந்த குறைதீர்ப்பு அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் அதில் ஒன்றாகிவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஷெட்யூல், மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், போன் பதிவு, படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே தொகுப்பாக அனுப்புங்கள். விற்றவர் தவறான ஆலோசனை கொடுத்தார் என்பது உங்கள் புகாராக இருந்தால் அது வேறு அலுவலகம், ஃபேஸ் ஆம்பட். என் ஆலங்கட்டிக் கிளெய்முக்கு இரண்டுமே உதவியிருக்காது. பதிவில் 'பூட்டிய கராஜ்' என்று சொல்வது என் குரல்தான்.